ஒரே சேகரிப்பு எண்ணில் இரண்டு காளான்கள்: ஒரு ஹெர்பேரிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு ஹெர்பேரியத்தின், அதாவது உலர்த்திய தாவர, பூஞ்சை மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்தின், பூஞ்சைப் பிரிவில் நடந்தது இது. இலையுதிர் காலத்தில் காட்டில் எடுத்த ஒரு காளான் மாதிரி உலர்ந்து, பெயர் பெற்று, பதிவேட்டில் ஏறி, அலமாரிக்கும் போய்விட்டது. பல மாதங்கள் கழித்து அதன் டி.என்.ஏ. வேறொரு பெயரைச் சொன்னது. லேபிளில் இருந்த பெயரும் தப்பில்லை, டி.என்.ஏ. சொன்ன பெயரும் தப்பில்லை. சிக்கலே அங்கேதான் இருந்தது. சம்பந்தப்பட்ட யாருடைய பெயரும் இங்கே வராது. நான் பதிவேட்டு வேலை பார்ப்பதால், அந்த மேசையிலிருந்து தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

செடிகொடிகளைத் தாளில் அழுத்திப் பாதுகாப்பதுபோல் காளானை அழுத்த முடியாது. முழுசாக உலர்த்தி உறையிலோ சிறு பெட்டியிலோ வைக்கிறோம். உலர்ந்ததும் நிறம் போய்விடும், வாசனை போய்விடும், குடையின் வடிவமும் சுருங்கிப் போகும். அதனால் பச்சையாக இருந்தபோது எழுதிய குறிப்புதான் மாதிரியின் மறுபாதி. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் பூஞ்சைக் காப்பகத்தில் சுமார் 12.5 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. அங்கேயும் சரி, நாலைந்து அலமாரிகள் மட்டும் உள்ள சின்னக் காப்பகத்திலும் சரி, அடிப்படை ஒன்றுதான்: ஒரு சேகரிப்பு எண் என்றால் ஓர் இடத்தில், ஒரு நாளில் எடுத்த ஒரே இனம்.

இந்த நிகழ்வில் வரும் இனங்கள் இரண்டு. ஒன்று கூனரோமைசெஸ் மியூட்டாபிலிஸ், மற்றது கேலரினா மார்ஜினேட்டா. இரண்டும் பழுப்பு நிறம், இரண்டும் மட்கும் மரத்தில் முளைப்பவை, இரண்டின் தண்டிலும் வளையம் உண்டு. ஈரம் வற்ற வற்ற இரண்டின் குடையும் வெளிறும். முதலாவதைச் சில நாடுகளில் பறித்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டாவதில் அமாடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அது கல்லீரலை அழிக்கும், சமைத்தாலும் போகாது, சாப்பிட்டுப் பல மணி நேரம் வரை எந்த அறிகுறியும் காட்டாது. இவை இரண்டும் ஒரே மரக்கட்டையில் பக்கம் பக்கமாக முளைப்பதும் உண்டு. இது புதுச் செய்தி அல்ல, காளான் கையேடுகளில் எச்சரிக்கையாகவே எழுதியிருக்கும்.

காட்டில் எடுத்தது

விழுந்து பல வருடமான ஒரு பீச் மரம். பட்டை பாதிக்கு மேல் உரிந்து, கட்டை முழுக்கப் பாசி. அதன் ஓரிடத்தில் கூனரோமைசெஸ் அடர்த்தியான கொத்தாக நின்றது. கொத்தைத் தாண்டி, அதே கட்டையில் இரண்டு மூன்று சாண் தள்ளிச் சில சின்னக் காளான்கள் தனித்தனியாக நின்றன. மழை தூறிக்கொண்டிருந்தது, வெளிச்சமும் குறைந்துவிட்டது. சேகரித்தவர் அனுபவசாலி. கொத்தைக் கத்தியால் அடியோடு எடுத்தார், தள்ளி நின்றவற்றையும் சேர்த்து ஒரே மெழுகுத்தாளில் மடித்தார்.

அவசரத்தில் நடந்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. நல்ல மாதிரி என்றால் மொட்டு, நடு வயது, முதிர்ந்தது என்று எல்லாப் பருவமும் இருக்க வேண்டும் என்று சேகரிப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே ஒரு காளானை எடுத்து வந்தால் திட்டு விழும். பெரிய குடைகள் ஏற்கெனவே கையில் இருக்க, அதே கட்டையில், அதே நிறத்தில் சின்னவை நின்றால், ‘இளசு’ என்றுதான் கை நினைக்கும். நாம் கேட்ட ஒழுங்கைக் கடைப்பிடித்ததால்தான் கலப்பு நடந்தது. இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

குறிப்புப் புத்தகத்தில் எண், தேதி, ஆயத்தொலைவு, உயரம், ‘பீச் கட்டை, நன்கு மட்கியது’ என்பவை எல்லாம் சரியாகவே பதிவாயின. படம் ஒன்று எடுத்தார்கள். அது மேலிருந்து எடுத்தது, குடைகள் மட்டும் தெரிகின்றன.

அன்று இரவும் அடுத்த வாரமும்

தங்கிய இடத்தில் வழக்கமான வேலை நடந்தது. பச்சையாக இருக்கும்போதே விவரிப்பு எழுதினார்கள். ஸ்போர் (காளானின் விதை போன்ற நுண்துகள்) பதிவுக்கு ஒரு குடையை வெட்டி, செவுள் (குடையின் அடியிலுள்ள மடிப்புகள்) கீழே இருக்கும்படி தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடினார்கள். டி.என்.ஏ.வுக்கு ஒரு துண்டை எடுத்து சிலிக்கா ஜெல் குழாயில் போட்டார்கள். மிச்சம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றோட்டமுள்ள டிரையருக்குப் போனது. சூட்டை ஏற்றினால் காளான் வெந்துவிடும், குறைத்தால் காய்வதற்குள் அழுகும்.

இந்த இடத்தில் ஒரு தேர்வு நடந்தது, யாரும் அதைத் தேர்வாக நினைக்கவில்லை. ஸ்போர் பதிவுக்கு நன்கு விரிந்த பெரிய குடைதான் தோது, நிறைய ஸ்போர் விழும். டி.என்.ஏ.வுக்குச் சின்ன, இளம் குடை தோது. சீக்கிரம் காயும், புழு அரித்திருக்காது, முதிர்ந்த குடையில் படிந்திருக்கும் அந்நியப் பூஞ்சைகளின் தொல்லையும் குறைவு. ஆகவே பதிவு பெரியதிலிருந்து, டி.என்.ஏ. துண்டு சின்னதிலிருந்து. இரண்டும் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் கலந்த ஓர் உறையில் அவை சேர்ந்தபோது, நுண்ணோக்கியில் பார்க்கப்போவது ஓர் இனமாகவும் டி.என்.ஏ. எடுக்கப்போவது மற்றோர் இனமாகவும் ஆகிவிட்டது.

காப்பகத்துக்கு வந்த பிறகு ஸ்போர் பதிவை நுண்ணோக்கியில் பார்த்தவர் வழவழப்பான, ஒரு முனையில் தெளிவான முளைத்துளை (ஸ்போர் முளைத்து வெளிவரும் சிறு துளை) உள்ள, 6 முதல் 7 மைக்ரான் நீளமுள்ள ஸ்போர்களைக் கண்டார். கூனரோமைசெஸ் மியூட்டாபிலிஸ் என்று எழுதினார். அவர் பார்த்ததற்கு அது சரியான பெயர். பூச்சிக்காக உறையை ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தோம். மருந்துக்கடை வண்டு, புகையிலை வண்டு இரண்டும் உலர்காளானைத் தின்று தூளாக்கிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. அப்புறம் பார்கோடு, லேபிள், அலமாரி. மாதிரி தாராளமாக இருந்ததால் ஒரு பிடி எடுத்து, பரிமாற்ற முறையில் இன்னொரு காப்பகத்துக்கு டூப்ளிகேட்டாகப் போனது.

முரண்பாடு தெரிந்தது

பூஞ்சைகளை அடையாளம் காண ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் பயன்படுத்துகிறோம். 2012-இல் அதைப் பூஞ்சைகளுக்கான பொதுவான பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. குறியாக, முன்மொழிந்த பிறகு பெரும்பாலும் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். அந்தப் பருவத்துச் சேகரிப்புகள் மொத்தமாக வரிசைமுறைக்கு (டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படிக்கும் வேலைக்கு) போய் வந்தபோது, இந்த எண்ணுக்கு எதிரே கேலரினா மார்ஜினேட்டா என்று வந்தது. சுத்தமான வரிசை, இரண்டு டி.என்.ஏ. கலந்ததைக் காட்டும் இரட்டைச் சிகரம் எதுவும் இல்லை.

இரண்டு கருத்துகள் எழுந்தன. ஆய்வகத்தில் வேலை செய்தவர், குழாய் மாறியிருக்கும் அல்லது மாசு, வரிசையை நீக்கிவிடலாம் என்றார். பெயரிடும் குழுவில் ஒருவர், டி.என்.ஏ. சொன்னதே கடைசி வார்த்தை, லேபிளைக் கேலரினா என்று மாற்றிவிடலாம் என்றார். இரண்டுமே ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. பதிவேடும் பார்க்கச் சுத்தமாக இருந்திருக்கும்.

முதல் வழியில் போயிருந்தால் ஒரு நல்ல வரிசை குப்பைக்குப் போயிருக்கும், நஞ்சுள்ள காளான் தின்னும் காளானின் பெயரிலேயே அலமாரியில் இருந்திருக்கும். இரண்டாவது வழியில் போயிருந்தால் ‘தண்டில் செதில், ஸ்போர் வழவழப்பு’ என்ற விவரிப்பு கேலரினாவின் பெயரில் ஏறியிருக்கும். பின்னால் அதைப் படித்து இனங்களைப் பிரிக்க முயல்கிறவர் குழம்பிப் போவார். காப்பாளர் இரண்டையும் ஏற்கவில்லை. உறையைத் திறந்து பார்க்காமல் ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்றார்.

உறையைப் பிரித்தபோது

வெள்ளைத் தட்டில் உள்ளதைக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் இடுக்கியால் தனித்தனியாக வைத்தோம். குடைகளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி சுருங்கிய பழுப்பு. தண்டுகள்தான் பேசின. பத்து மடங்கு லென்ஸில் சில தண்டுகளில் வளையத்துக்குக் கீழே கரும்பழுப்புச் செதில்கள், நுனி வெளியே சுருண்டு, வரிசை வரிசையாகத் தெரிந்தன. வேறு சிலவற்றில் செதிலே இல்லை. வெள்ளி போல மினுங்கும் மெல்லிய நார்கள் நெடுக ஓடின. செதில் உதிர்ந்த தண்டா, செதிலே இல்லாத தண்டா என்ற சந்தேகம் வரும். உதிர்ந்த இடத்தில் ஒட்டுத் தடம் இருக்கும், இங்கே அது இல்லை.

குடையும் தண்டும் பிரிந்து கிடந்ததால், துண்டுக்குத் துண்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருந்தது. செவுளிலிருந்து 2 மி.மீ. அளவுக்கு மேல் வெட்டக்கூடாது என்று முடிவு செய்தோம். பார்த்துப் பார்த்தே ஒரு மாதிரியைத் தீர்த்துவிடலாம், அது பல காப்பகங்களில் நடக்கிறது. 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் சுருங்கிய செல்கள் விரிந்து வரும். எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கூனரோமைசெஸ் ஸ்போர் சிறியது, வழவழப்பு, முளைத்துளையால் முனை வெட்டியதுபோல் இருக்கும். கேலரினாவின் ஸ்போர் 8 முதல் 10 மைக்ரான் வரை போகும், மேலெல்லாம் சொரசொரப்பு, முளைத்துளை கிடையாது. செவுளின் பக்கவாட்டிலும் நீண்ட கழுத்துள்ள சிஸ்டிடியா (செவுளில் துருத்தி நிற்கும் தனி வகை) செல்கள் கேலரினாவில் நிற்கும், மற்றதில் செவுளின் விளிம்பில் மட்டும்.

பெரும்பகுதி கூனரோமைசெஸ். குறைந்த பகுதி கேலரினா. கொஞ்சம் தூளும் உடைசலும் எதுவென்று சொல்ல முடியாதவை.

நஞ்சைக் காட்டும் மைக்ஸ்னர் சோதனையைச் செய்து பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். காளான் சாற்றைச் செய்தித்தாளில் தடவிக் காயவைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், அமாடாக்சின் இருந்தால் நீலம் ஏறும். ஆனால் வேறு சில பொருள்களும் அதே நீலத்தைத் தரும். ஸ்போரே தெளிவாகச் சொன்ன பிறகு மாதிரியை அதற்காக வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அப்புறம்தான் காட்டுக் குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தோம். ‘குடை 12 முதல் 60 மி.மீ.; வளையத்துக்குக் கீழே செதில், சிலவற்றில் தெளிவில்லை; நறுக்கினால் லேசான மாவு வாடை, எல்லாவற்றிலும் இல்லை.’ கேலரினாவை நசுக்கினால்தான் மாவு வாடை வரும். எழுதியவரின் கண்ணும் மூக்கும் இரண்டு இனங்களையும் பிடித்திருக்கின்றன. ‘சிலவற்றில்’, ‘எல்லாவற்றிலும் இல்லை’ என்ற சொற்களை, பதிவேட்டில் ஏற்றியவரும் பெயரிட்டவரும் ஓர் இனத்துக்குள் இருக்கும் இயல்பான வேறுபாடாகவே வாசித்திருந்தார்கள்.

எடுத்த முடிவுகள்

உறையை இரண்டாகப் பிரிப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எண்ணை என்ன செய்வது என்பதில்தான் நெடுநேரம் போனது. பெரும்பகுதிக்குப் பழைய எண்ணையே விட்டு, சிறுபகுதிக்குப் புது எண் கொடுக்கலாம் என்பது ஒரு யோசனை. அப்படிச் செய்தால், பழைய எண்ணை ஏற்கெனவே எங்காவது எடுத்தாண்டவர் திரும்பி வந்து தேடும்போது, அங்கே ஒரு கலப்பு இருந்ததே தெரியாமல் போய்விடும். ஆகவே இரண்டுக்குமே பழைய எண்ணோடு ‘அ’, ‘ஆ’ என்று சேர்த்தோம். வெறும் எண்ணைத் தேடினால் இரண்டும் சேர்ந்து வரும். காப்பகத்தின் பார்கோடு கூனரோமைசெஸ் உறையிலேயே இருந்தது, கேலரினாவுக்குப் புதிது கொடுத்து, இரண்டு பதிவிலும் மற்றதன் பார்கோடைக் குறித்தோம்.

இரண்டாவது, விவரிப்பு. குடை அளவை ‘சின்னது கேலரினா, பெரியது கூனரோமைசெஸ்’ என்று பங்கு போட்டு எழுத ஆசையாக இருந்தது. செய்யவில்லை. எந்த அளவு எந்தக் காளானில் எடுத்தது என்பதற்குச் சான்று இல்லை, இரண்டு இனமும் அளவில் ஒன்றின் மேல் ஒன்று படிபவை. கேலரினா பதிவில் பச்சை நிலை விவரிப்பு என்ற கட்டம் காலியாகவே விடப்பட்டது. இடம், தேதி, மரம் மட்டும் பொதுவாக நின்றன. மூலக் குறிப்பு ஒரு சொல்லும் திருத்தாமல் இரண்டு உறைக்கும் நகலாகப் போனது.

மூன்றாவது, பழைய லேபிள். கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. யார், எப்போது, எதை வைத்துப் பெயரை மாற்றினார் என்று எழுதிய சிறு சீட்டு அதன் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ‘கலப்புச் சேகரிப்பு, பிரிக்கப்பட்டது’ என்ற வரி இரண்டு சீட்டிலும் உண்டு. பழைய பெயரை வைத்திருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, கேலரினா அறையையே காட்டலாம். அங்கே ‘கேலரினா ஆட்டம்னாலிஸ்’ என்று எழுதிய பழைய உறைகள் இருக்கின்றன. 2001-இல் வந்த டி.என்.ஏ. ஆய்வு அதையும் இன்னும் சில பெயர்களையும் மார்ஜினேட்டாவோடு சேர்த்தது. நாளைக்கு யாராவது மறுபடி பிரித்தால், முதலில் எந்த உறையை எடுக்க வேண்டும் என்பதைப் பழைய லேபிள்தான் சொல்லும்.

சேர்த்தி தெரியாத உடைசலைத் தூக்கிப் போடாமல் மூன்றாவது சிறு உறையில், ‘அ அல்லது ஆ, வரிசைமுறைக்கு ஏற்றதல்ல’ என்று எழுதி வைத்தோம். ஸ்போர் பதிவு ‘அ’-வோடு போனது. ஒரே குடையிலிருந்து வந்தது என்பதால் அதில் மட்டும் குழப்பமில்லை.

வெளியே போன பகுதி

டூப்ளிகேட் பெற்ற காப்பகத்துக்கு அன்றே கடிதம் போனது. அவர்கள் திறந்து பார்த்துப் பதில் எழுதினார்கள்: அவர்களிடம் போன பிடியில் நுண்ணோக்கியில் பார்த்த துண்டுகள் எல்லாம் கேலரினா, லேபிளில் மட்டும் கூனரோமைசெஸ். பிரித்தவர் பெரிய, முழுக் குடைகளை இங்கே வைத்துக்கொண்டு, சின்னவற்றை அங்கே அனுப்பியிருந்தார் என்று ஊகிக்கிறோம். டூப்ளிகேட் பிரிக்கும்போது நல்லது வீட்டுக்கு என்பது எங்கும் உள்ள வழக்கம்.

இதைவிட உறுத்தியது, அந்த உறை அங்கே பயிற்சிப் பெட்டியில் இருந்தது. காளான் பறிக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் ‘கூனரோமைசெஸ் காய்ந்தால் இப்படி இருக்கும்’ என்று காட்டுவதற்கு. அதை யாரும் சாப்பிடப் போவதில்லை என்றாலும், செதில் இல்லாத தண்டைச் செதிலுள்ள இனத்தின் பெயரில் கண் பழகிக்கொள்வது சின்ன விஷயமல்ல. உடனே எடுத்துவிட்டார்கள்.

பின்விளைவு

‘அ’-விலிருந்து செதில் தெளிவாகத் தெரிந்த ஒரு தண்டோடு ஒட்டியிருந்த குடையில் புதிதாக டி.என்.ஏ. எடுத்தோம். கூனரோமைசெஸ் என்றே வந்தது. முதல் வரிசை ‘ஆ’-வின் பெயரில் பொதுத் தரவுத்தளத்துக்குப் போனது. நீக்கச் சொன்னவரே அதைப் பதிவேற்றினார். டி.என்.ஏ. துண்டு எடுத்த அதே குடையின் மிச்சம் எது என்று மட்டும் காட்ட முடியவில்லை. ‘ஆ’ உறையில் ஏதோ ஒன்று என்பதற்கு மேல் சொல்ல வழியில்லை, பதிவிலும் அப்படியே எழுதியிருக்கிறது.

மரத்தில் முளைக்கும் சிறு பழுப்புக் காளான் உறைகளை அதே அலமாரியில் திறந்து பார்த்ததில் இன்னொரு கலப்பும் கிடைத்தது. அது பல பத்தாண்டு பழையது, குறிப்பு ஒரே வரி, சேகரித்தவரைக் கேட்கவும் வழியில்லை. உறையை மட்டும் பிரித்தோம், மற்றதைத் தொடவில்லை.

இனி மாறுபவை

டி.என்.ஏ. துண்டும் ஸ்போர் பதிவும் ஒரே குடையிலிருந்து. இதுதான் முக்கியமான மாற்றம். அந்தக் குடையின் மிச்சத்தைத் தனிச் சிறு உறையில், பெரிய உறைக்குள்ளேயே வைக்கிறோம். நுண்ணோக்கியில் பார்ப்பதும் முதலில் அதைத்தான். சின்னக் குடையில் பதிவு மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை, ஸ்போரை அளக்க அது போதும்.

காட்டில், மரக்கட்டையில் முளைத்தவற்றுக்கு விதி இறுகிவிட்டது. அடியில் ஒட்டியிருக்கும் ஒரே கொத்து மட்டும் ஓர் எண். தள்ளி நிற்பது எவ்வளவு ஒத்திருந்தாலும் வேறு மடிப்பு, வேறு எண். பருவங்கள் குறைந்தால் குறையட்டும். அப்புறம் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தால் சேர்த்துக் குறிப்பது சுலபம். படத்தில் ஒன்றாவது தண்டு தெரிகிற மாதிரி, படுக்க வைத்து எடுக்க வேண்டும்.

பதிவேட்டில் ஏற்றும்போது ‘சிலவற்றில்’, ‘சில நேரம்’, ‘தெளிவில்லை’ என்று வரும் குறிப்புகளைத் தனியாகக் குறித்து, உறையைப் பிரித்துப் பார்த்த பிறகே லேபிள் அச்சடிக்கிறோம். டூப்ளிகேட் எடுக்கும்போது ஒவ்வொரு துண்டின் தண்டையும் லென்ஸில் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது.

எல்லா உறைகளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயரிட வேண்டும் என்ற யோசனையும் வந்தது, ஏற்கவில்லை. இந்த மாதிரிக்கு இரண்டாவது ஆளும் அதே ஸ்போர் பதிவைப் பார்த்து, அதே பெயரைத்தான் எழுதியிருப்பார்.